ஒரே ஐ.பி. முகவரி இரண்டு கணனிகளுக்கு வந்தால்

கணனிப் பாடம்

வெஸ்ட் ஈலிங்கிலும் அயலிலும் ஒரே வீட்டில் ஐந்து, ஆறு பேராகச் சேர்ந்து இருக்கிற எங்கள் ஆட்களுக்காக இந்தப் பாடம். வீட்டில் ஒரு ரூட்டர்தான் இருக்கும். ஆளுக்கொரு போன், அதைவிட இரண்டு மூன்று பேரிடம் யாரோ கொடுத்த பழைய லப்டொப். ஒரு நாள் பின்னேரம் சொலிசிட்டர் அனுப்பிய ஈமெயிலைப் பார்க்க லப்டொப்பைத் திறப்பீர்கள். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் 'ஐ.பி. அட்ரஸ் கொன்ஃபிளிக்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதற்குப் பிறகு இன்ரநெற் இல்லை.

கொன்ஃபிளிக்ட் என்ற சொல்லை நாங்கள் வேறு இடங்களில் பார்த்துப் பழகியவர்கள். அதனால்தானோ என்னவோ, இந்தப் பெட்டியைக் கண்டவுடன் பலருக்கு நெஞ்சு திக்கென்கிறது. 'பக்கத்து அறைக்காரர் என்ரை லைனைக் களவெடுக்கிறார்' என்பார் ஒருவர். 'ஹோம் ஒபிஸ் என்ரை கணனிக்குள்ளை வந்திட்டுது' என்பார் இன்னொருவர். 'வைரஸ்' என்று சொல்லி லப்டொப்பை மூடி வைத்துவிடுவார் மூன்றாமவர். முதலாமவரால் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோகும். மூன்றாமவரோ ஒரு கிழமை ஈமெயிலே பார்க்க மாட்டார். அந்த ஒரு கிழமைக்குள் பதில் அனுப்பவேண்டிய கடிதம் வந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பெட்டி உண்மையில் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் கணனிக்குக் கொடுக்கப்பட்ட இலக்கம் இந்த வீட்டில் இன்னொரு கருவியிடமும் இருக்கிறது. ஏன் அப்படி நடக்கிறது, நடந்தால் கணனி தானாக என்ன செய்கிறது, நீங்கள் என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டுக்குள் ஓர் இலக்கம், வெளியே ஓர் இலக்கம்

கனகதுர்க்கை அம்மன் கோவில் எங்கே என்று கேட்டால் வெஸ்ட் ஈலிங்கில் எல்லோருக்கும் தெரியும். 5, சப்பல் ரோட். ஆனால் தபால் உறையில் '5, சப்பல் ரோட், லண்டன்' என்று மட்டும் எழுதினால் போதாது. சப்பல் ரோட் என்ற பெயரில் இல்ஃபோர்டிலும் தெரு இருக்கிறது, வெஸ்ட் நோர்வூட்டிலும் இருக்கிறது. டபிள்யூ 13 என்று தொடங்கும் போஸ்ட்கோட்டைப் போட்டால்தான் கடிதம் அம்மன் வாசலுக்கு வரும். வேறு வேறு இடங்களில் ஒரே பெயரும் ஒரே இலக்கமும் இருப்பதால் கரைச்சல் இல்லை. ஒரே சப்பல் ரோட்டில் இரண்டு வாசலில் '5' என்று எழுதி வைத்தால்தான் தபால்காரர் தடுமாறுவார்.

ஐ.பி. முகவரியும் இப்படித்தான். உங்கள் வீட்டு ரூட்டர் உங்கள் போனுக்கு 192.168.1.5 என்று ஓர் இலக்கம் கொடுக்கும். அதே 192.168.1.5 பக்கத்து வீட்டிலும் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் உங்கள் தங்கச்சி வீட்டிலும் இருக்கலாம். அதனால் ஒரு பிழையும் இல்லை. 192.168 என்று தொடங்கும் இலக்கங்களையும், 10 என்று தொடங்குபவற்றையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவற்றையும் யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள், கந்தோருக்குள் பாவிக்கலாம் என்று 1996 பெப்ரவரியில் ஒதுக்கிவிட்டார்கள். இந்த இலக்கங்கள் ரூட்டருக்கு வெளியே செல்லுபடியாகாது.

வெளி உலகத்துக்கு உங்கள் வீடு முழுவதும் ஒரேயொரு இலக்கம்தான். அது உங்களுக்கு லைன் தருகிற கொம்பனி ரூட்டருக்குக் கொடுப்பது. நீங்கள் ஈமெயில் பார்த்தாலும், கீழ் அறைக்காரர் படம் பார்த்தாலும், வெளியே தெரிவது அந்த ஓர் இலக்கம். கைத்தொலைபேசிக் கொம்பனிகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்றையொன்று அறியாத பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஓர் இலக்கத்தைப் பாவிக்கின்றன. காரணம் தட்டுப்பாடு. பழைய முறை இலக்கங்கள் மொத்தம் 430 கோடிக்குக் கிட்டத்தட்டத்தான். ஐரோப்பாவுக்கு இலக்கம் பங்கிடும் அமைப்பிடம் 2019 நவம்பர் 25ஆம் திகதி புதிதாகக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

இதிலிருந்து ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கோ. திரையில் வருகிற 'மோதல்' வீட்டுக்குள் நடப்பது. ரூட்டருக்கு வெளியே இருக்கிற எவருக்கும் அதில் பங்கில்லை, ஹோம் ஒபிஸ் உட்பட. உங்கள் அகதிக் கோரிக்கைக்கும் 192.168.1.5க்கும் எந்தத் தொடுசலும் இல்லை.

இரண்டு பேருக்கு எப்படி ஓர் இலக்கம் வருகிறது?

ஊரில் கிராம சேவகர் வீடு வீடாகப் பதிந்து இலக்கம் கொடுப்பதுபோல, வீட்டில் இலக்கம் கொடுக்கிற வேலை ரூட்டருடையது. அதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். ஒரு போன் வந்து 'எனக்கு ஓர் இலக்கம் தா' என்று கேட்கும். ரூட்டர் தன் இடாப்பைப் பார்த்து, ஒருவருக்கும் கொடுக்காத இலக்கம் ஒன்றைக் கொடுக்கும். சொந்தமாக அல்ல, குத்தகைக்கு. பல வீடுகளில் குத்தகை ஒரு நாள். பாதிக் காலம் போனதும் கருவி தானாகவே 'இன்னும் வைத்திருக்கலாமா' என்று கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும்.

இடாப்பு ஒன்று, எழுதுகிறவர் ஒருவர் என்றால் பிழை வராது. வருகிற இடங்கள் வேறு.

ஒருவர் இலக்கத்தைத் தன் கையால் எழுதிவிடுவது முதலாவது. 'இப்படிச் செய்தால் வைஃபை வேகமாகும்' என்று எங்காவது ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, போனில் 'ஸ்ரற்றிக்' என்பதைத் தெரிந்து 192.168.1.5 என்று தட்டி வைப்பார். (அப்படி வேகம் கூடுவதில்லை, அது வேறு கதை.) ரூட்டரின் இடாப்பில் இது பதியப்படவில்லை. அது அதே இலக்கத்தை உங்களுக்குக் கொடுத்துவிடும். எல்லாவற்றிலும் மோசம், அவர் ரூட்டரின் சொந்த இலக்கத்தையே தட்டிவிடுவது. பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. அப்போது ஒருவருக்கல்ல, வீடு முழுவதற்கும் இன்ரநெற் விட்டுவிட்டு வரும். வெளியே போகவேண்டியதெல்லாம் வாசல் என்று நினைத்து அவருடைய போனுக்குப் போய் நிற்கும்.

இரண்டாவது, வீட்டில் இரண்டு கிராம சேவகர்கள். மேல் மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று ஒருவர் பழைய ரூட்டர் ஒன்றை மலிவாக வாங்கி வந்து முதல் ரூட்டருடன் வயரால் பொருத்துவார். இப்போது இரண்டு ரூட்டரும் தனித்தனி இடாப்பு வைத்துக்கொண்டு ஒரே வீட்டுக்கு இலக்கம் கொடுக்கும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் வீட்டில் அடிக்கடி மோதல் வருகிறது என்றால் நான் முதலில் தேடுவது இந்த இரண்டாவது ரூட்டரைத்தான்.

மூன்றாவது எங்கள் வீடுகளுக்கே உரியது: கரண்ட் மீற்றர். காசு போட்டு ஓடுகிற மீற்றரில் காசு முடிந்தால் ரூட்டரும் அணைந்துபோகும். சில மலிவான ரூட்டர்கள் இடாப்பைத் தற்காலிக ஞாபகத்தில்தான் வைத்திருக்கின்றன. மீண்டும் எழும்பும்போது அது வெறும் பக்கமாக இருக்கும். பற்றரியில் ஓடிய லப்டொப்போ இன்னும் பழைய இலக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான கருவிகள் வைஃபை அறுந்து திரும்ப வந்ததும் ரூட்டரிடம் ஒரு தரம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். நித்திரையில் இருந்த ஒன்று அதைத் தவறவிட்டால், இலக்கம் வேறொருவருக்குப் போய்விடும்.

இதில் எங்கே களவு இருக்கிறது? பக்கத்து அறைக்காரருக்கும் உங்களைப் போலவே இன்ரநெற் இல்லாமல்தான் இருக்கும். ஒருவேளை அவரும் உங்களைச் சந்தேகித்துக்கொண்டு இருக்கிறாரோ தெரியாது.

கணனி கதவைத் தட்டுகிற விதம்

இனிப் பாடத்தின் முக்கியமான பகுதி. கொஞ்சம் மெதுவாக வாசியுங்கோ.

ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு இலக்கங்கள். ஒன்று ஐ.பி. முகவரி. அது விடுதியில் கட்டில் இலக்கம் மாதிரி, இன்றைக்கு இது, நாளைக்கு வேறு. மற்றது வன்பொருள் இலக்கம். அது அடையாள அட்டை இலக்கம் மாதிரி, கருவி செய்யப்படும்போதே அதற்குள் பதிந்திருக்கும். வீட்டுக்குள் தகவல் உண்மையில் போய்ச் சேருவது வன்பொருள் இலக்கத்தை வைத்துத்தான். ஆகவே ரூட்டர் முதலில் '192.168.1.5 யார்?' என்று வீடு முழுவதற்கும் கூவும். உரியவர் 'நான்தான், என் வன்பொருள் இலக்கம் இது' என்று பதில் சொல்வார். ரூட்டர் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். வகுப்பில் வாத்தியார் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி. இந்த முறைக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். 1982 நவம்பரில் டேவிட் பிளமர் என்பவர் இதை எழுதி வெளியிட்டார்.

அதில் ஒரு பலவீனம் உண்டு. பதில் சொன்னவர் உண்மையான ஆள்தானா என்று ஏ.ஆர்.பி. பார்ப்பதில்லை. கடைசியாக யார் 'உள்ளேன் ஐயா' என்று சொன்னாரோ, அவருடைய பெயரே பதியப்படும். இரண்டு கருவிகள் ஒரே இலக்கத்தைச் சொன்னால் ரூட்டரின் குறிப்பு மாறி மாறி அழிந்து எழுதப்படும். உங்களுக்கு வரவேண்டிய பக்கத்தின் பாதி மற்றவரிடம் போகும். அவருடைய கருவி அது தனக்குரியதல்ல என்று எறிந்துவிடும். இரண்டு நிமிடம் வேலை செய்து மூன்று நிமிடம் நிற்கிற இன்ரநெற் இப்படித்தான் உண்டாகிறது.

தொண்ணூறுகளில் கணனிகள் இதைக் கையாண்ட விதம் சற்று முரட்டுத்தனமானது. புதிதாக எழும்பும் கணனி 'நான் 5' என்று எல்லோருக்கும் கூவும். ஏற்கெனவே 5 ஆக இருக்கிற கணனி அதைக் கேட்டு மறுப்புத் தெரிவித்தால், புதியது ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் அதற்குள் மற்ற எல்லோரும் புதிய குரலை நம்பித் தங்கள் குறிப்பை மாற்றியிருப்பார்கள். ஒரு பிழையும் செய்யாமல் வேலை செய்துகொண்டிருந்த கணனியின் தொடர்பு அறுந்துபோகும்.

2008 ஜூலையில் அப்பிள் கொம்பனியைச் சேர்ந்த ஸ்ருவர்ட் செஷயர் எழுதிய ஆர்.எஃப்.சி. 5227 என்ற ஒழுங்குவிதி இதைத் திருத்தியது. அதன் சாரம் நாங்கள் ஒவ்வொரு நாளும் காலையில் செய்வதுதான்: ஒரு பாத்ரூம் உள்ள வீட்டில், உள்ளே போகமுன் கதவைத் தட்டுவது.

புதிய கணனி '5 நான்' என்று சொல்லாது. '5இல் ஆராவது இருக்கிறீர்களா?' என்று கேட்கும். அப்படிக் கேட்கும்போது அனுப்புநர் இலக்கம் என்ற இடத்தில் 0.0.0.0 என்று வெறுமையாக விட்டிருக்கும். அதனால் ஒருவருடைய குறிப்பும் மாறாது, உள்ளே இருப்பவருக்கு இடைஞ்சலும் இல்லை. மூன்று தரம் தட்டும். ஒவ்வொரு தட்டலுக்கும் இடையில் ஒன்றிலிருந்து இரண்டு செக்கன் இடைவெளி. கடைசித் தட்டலுக்குப் பிறகும் இரண்டு செக்கன் காத்திருக்கும். பதில் இல்லை என்றால்தான் 'இனி 5 நான்' என்று இரண்டு தரம் அறிவித்துவிட்டு உள்ளே போகும். வைஃபையில் சேரும்போது சில வேளை சில செக்கன் சுணங்குகிறதே, அதில் ஒரு பங்கு இந்தத் தட்டல்தான்.

உள்ளே இருந்து பதில் வந்தால்? இலக்கம் ரூட்டர் கொடுத்ததாக இருந்தால், கணனி 'இது வேண்டாம், ஆள் இருக்குது' என்று ரூட்டருக்குத் திருப்பி அறிவிக்கும். ரூட்டர் அந்த இலக்கத்தை ஒதுக்கி வைக்கும். கணனி குறைந்தது பத்து செக்கன் பொறுத்து வேறொன்று கேட்கவேண்டும் என்பது 1997இலேயே எழுதப்பட்ட விதி. இவ்வளவும் உங்களுக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும், பெட்டியும் வராது. இலக்கம் கையால் தட்டப்பட்டதாக இருந்தால் வேறொன்று கேட்க வழி இல்லை. அப்போதுதான் பெரும்பாலும் பெட்டி வரும்.

ஏற்கெனவே உள்ளே இருக்கிற கணனி என்ன செய்யும்? அதற்கு விதி மூன்று வழி விட்டிருக்கிறது. உடனே இடத்தை விட்டுக்கொடுக்கலாம். அல்லது ஒரு தரம் 'இது என்ரை இடம்' என்று அறிவித்துவிட்டு, பத்து செக்கனுக்குள் மற்றவர் மறுபடியும் உரிமை கேட்டால் விட்டுக்கொடுக்கலாம். ரூட்டர் போல எல்லோரும் நம்பியிருக்கிற கருவி என்றால் விடாமல் நிற்கலாம், அதுவும் ஓயாமல் கத்திக்கொண்டிராமல் பத்து செக்கனுக்கு ஒரு தரம் மட்டும். இரண்டு பேரும் விடாப்பிடியாகக் கத்தினால் வீட்டில் ஒருவருக்கும் வேலை நடக்காது என்பதை அந்த விதியை எழுதியவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

எந்தக் கருவி எப்படிச் சொல்லும்?

எல்லா இயங்குதளங்களும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

விண்டோஸ்தான் வெளிப்படையாகச் சொல்லும். பெட்டி வரும். விவரத்தைத் திறந்து பார்த்தால் இலக்கத்துக்குப் பக்கத்தில் 'டுப்ளிகேற்' என்று இருக்கும், அதன் கீழே 169.254 என்று தொடங்கும் வேறோர் இலக்கம் இருக்கும். 169.254 என்பது ரூட்டர் தந்தது அல்ல. தனக்கு ஓர் இலக்கமும் சரிவராதபோது கணனி தானாகப் போட்டுக்கொள்கிற தற்காலிக இலக்கம். விண்டோஸ் 98 காலத்திலிருந்து இந்தப் பழக்கம் இருக்கிறது. அதை வைத்து இன்ரநெற்றுக்குப் போக முடியாது. ஆகவே 169.254ஐக் கண்டால் 'எனக்கு இன்னும் இலக்கம் கிடைக்கவில்லை' என்று விளங்கிக்கொள்ளுங்கோ.

அப்பிள் மக் கணனியும் வேறொரு கருவி உங்கள் இலக்கத்தைப் பாவிக்கிறது என்று பெட்டி போட்டுச் சொல்லும்.

லினக்ஸ் கொஞ்சம் வேறு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்தபின், நன்கொடையாக வருகிற பழைய லப்டொப்புகளில் லினக்ஸ் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். பழைய முறை இலக்கங்களுக்கு லினக்ஸின் கருப்பகுதி தானாகக் கதவு தட்டுவதில்லை. அந்த வேலையை நெற்வேர்க்கைக் கவனிக்கும் வேறு மென்பொருள்களிடம் விட்டுவிடுகிறது. அந்த மென்பொருள் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்தது. ஆகவே ஒரு பெட்டியும் வராமலே மோதல் நடக்கலாம். போன்களும் பெரும்பாலும் வாய் திறக்காது. வைஃபை அடையாளம் இருக்கும், பக்கம் திறக்காது, 'இன்ரநெற் இல்லை' என்று மட்டும் எழுதும்.

ஐ.பி. பதிப்பு 6 என்ற புதிய முறையில் கதவு தட்டுவது முதலிலிருந்தே சட்டம். அதன் 2007ஆம் ஆண்டு விதிப்படி, தட்டாமல் ஓர் இலக்கத்தையும் பாவிக்கக்கூடாது. அதிலுள்ள இலக்கங்களின் தொகையும் கற்பனைக்கு எட்டாத அளவு பெரியது, தற்செயலாக இரண்டு பேருக்கு ஒன்று வருவது மிக அரிது.

சில இடங்களில் மோதலே இல்லாமல் மோதல் என்று காட்டுவதும் உண்டு. கொலிஜ், ஹோட்டல் போன்ற பெரிய இடங்களில் உள்ள நெற்வேர்க் கருவிகள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குத் தாங்களும் 0.0.0.0 என்று போட்டுத் தட்டிப் பார்க்கும். விண்டோஸும் அதே நேரம் தட்டிக்கொண்டிருந்தால், யாரோ தன்னுடைய இலக்கத்துக்குப் போட்டி போடுகிறார்கள் என்று நினைத்துப் பின்வாங்கிவிடும். இரண்டு பேரும் ஒரே கதவைத் தட்டுகிறார்கள், உள்ளே ஒருவரும் இல்லை! இப்படி நடந்தால் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. அங்கே வேலை செய்பவர்களிடம் சொல்லுங்கோ.

நீங்கள் செய்யவேண்டியது

முதலில் உங்கள் கருவியில் வைஃபையை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி போடுங்கோ. பாதிப் பிரச்சினை இதோடு தீரும், ஏனென்றால் கணனி புதிதாக இலக்கம் கேட்கும். சரிவராவிட்டால் வைஃபை பெயரை அழுத்தி 'ஃபர்கெற்' என்பதைத் தெரிந்து, பாஸ்வேர்ட் போட்டுத் திரும்பச் சேருங்கோ. பாஸ்வேர்ட் பெரும்பாலும் ரூட்டரின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். அதை முதலில் பார்த்து எழுதிக்கொண்டு பிறகு 'ஃபர்கெற்' செய்யுங்கோ.

அதற்கும் சரிவராவிட்டால் உங்கள் இலக்கம் கையால் தட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கோ. விண்டோஸில் 'ஐ.பி. அசைன்மென்ட்' என்ற இடத்தில் 'ஒட்டோமற்றிக்' என்று இருக்கவேண்டும். அன்ட்ரொயிட் போனில் 'ஐ.பி. செற்றிங்ஸ்' என்ற இடத்தில் 'டி.எச்.சி.பி.' என்று இருக்கவேண்டும், 'ஸ்ரற்றிக்' என்று இருக்கக்கூடாது. ஐபோனில் 'கொன்ஃபிகர் ஐ.பி.' என்ற இடத்தில் 'ஒட்டோமற்றிக்'. பழைய லப்டொப் என்றால் முன்பு அதை வைத்திருந்தவர் தன் கந்தோருக்காகத் தட்டிய இலக்கம் அப்படியே இருக்கவும் கூடும்.

அடுத்தது வீட்டில் எல்லோரையும் சேர்த்துச் செய்யவேண்டியது. தேநீர் நேரத்தில் கேளுங்கோ: 'அண்ணை, உங்கடை போனிலையும் ஒருக்கால் பார்ப்பமே?' குற்றம் சாட்டாமல் கேட்டால் எல்லோரும் காட்டுவார்கள். இரண்டாவது ரூட்டர் ஏதாவது இருந்தால் கழற்றிப் பாருங்கோ. பிறகு ரூட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கோ. அணைக்க முன்பு எல்லோரிடமும் சொல்லுங்கோ, ஒருவர் வாட்ஸ்அப்பில் தன் சொலிசிட்டருடன் கதைத்துக்கொண்டிருக்கலாம். ரூட்டரின் பின்னால் ஊசி போடுகிற சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதை மட்டும் தொடவேண்டாம். அது ரூட்டரில் செய்து வைத்த அமைப்புகளை எல்லாம் அழித்துவிடும்.

'யாருடைய போன் என்று கண்டுபிடிக்க முடியாதா' என்று கேட்பீர்கள். விண்டோஸ் தன் பதிவேட்டில் மற்றக் கருவியின் வன்பொருள் இலக்கத்தை எழுதி வைக்கும். ஆனால் அன்ட்ரொயிட் 10, ஐபோனின் 14ஆம் பதிப்பு வந்ததிலிருந்து போன்கள் வைஃபையில் தங்கள் உண்மையான வன்பொருள் இலக்கத்தைக் காட்டாமல் ஒரு பொய் இலக்கத்தைக் காட்டும். அது அந்தரங்கத்துக்கு நல்லது. அந்த இலக்கத்தை மட்டும் வைத்து ஒருவர் மேல் பழி போடக் கூடாது என்பதும் அதனால் வருவது.

உண்மையாகவே ஒருவர் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்ய முடியுமா? முடியும். ஏ.ஆர்.பி. யாரையும் நம்பும் என்று சொன்னேன் அல்லவா, அந்த நம்பிக்கையைப் பாவித்து மற்றவருக்குப் போகும் தகவலைத் தன் பக்கம் திருப்புகிற வித்தை இருக்கிறது. ஆனால் தெரிந்து செய்பவர் திரையில் பெட்டி வராமல் பார்த்துக்கொள்வார். பெட்டி வருவது அநேகமாகத் தற்செயல்தான். எப்படியானாலும் பூட்டு அடையாளம் உள்ள பக்கங்களில், ஈமெயிலில், வங்கியில், உங்கள் சொற்கள் பூட்டித்தான் போகின்றன. எல்லாக் கருவியையும் 'ஒட்டோமற்றிக்' ஆக்கிய பிறகும் பெட்டி திரும்பத் திரும்ப வந்தால், வழக்குச் சம்பந்தமான வேலையைப் போனின் சொந்த டேட்டாவில் செய்துகொண்டு, எங்களிடம் வந்து காட்டுங்கோ.

இதைவிடக் கூடுதலாகப் பயப்படவேண்டியது வேறொன்று இருக்கிறது. இணையப் பக்கம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெரிய சத்தத்துடன் 'உங்கள் ஐ.பி. முகவரி பிடிபட்டுவிட்டது, உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்' என்று திரை முழுக்க வரும். இது பொய். விண்டோஸின் உண்மையான பிழைச் செய்தியில் ஒருபோதும் தொலைபேசி இலக்கம் இருக்காது. அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் மிகப் பணிவாகக் கதைப்பார், உங்கள் கணனிக்குள் வருவதற்கு ஒரு மென்பொருளைப் போடச் சொல்வார், பிறகு காசு கேட்பார். சில வேளை பொலிஸ், ஹோம் ஒபிஸ் என்றும் சொல்வார்கள். அழைக்கவேண்டாம். பக்கத்தை மூடுங்கோ. மூட முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கோ. அஸ்பென் காட்டின் இரகசிய இலக்கத்தை எவரிடமும் சொல்லவேண்டாம்.

கடைசி நாள் என்றால்

இன்று அனுப்பவேண்டிய பத்திரம் இருக்கிறது, பெட்டி வந்துவிட்டது, வீட்டில் ஒருவரும் இல்லை. அப்போது மேலே சொன்னவற்றில் நேரத்தைச் செலவழிக்காதையுங்கோ. போனில் டேட்டா இருந்தால் வைஃபையை அணைத்துவிட்டு அதிலேயே அனுப்புங்கோ. லப்டொப்பில் இருக்கிற பத்திரம் என்றால் போனில் 'ஹொட்ஸ்பொட்' போட்டு லப்டொப்பை அதோடு சேருங்கோ. அப்போது உங்கள் போனே ரூட்டர். வீட்டு ரூட்டரில் உள்ள மோதல் இதைத் தொடாது. டேட்டா இல்லை என்றால் 207ஆம் இலக்க பஸ்ஸில் ஈலிங் புரோட்வேக்குப் போங்கோ, நடந்தாலும் அரை மணித்தியாலம் வராது. அங்கே கடைத்தொகுதிக்குள் ஈலிங் சென்ட்ரல் நூலகம் இருக்கிறது, பொதுக் கணனிகள் உண்டு. நூலகம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் குசினியில் ஒட்டி வைத்தால், இன்ரநெற் இல்லாத நேரத்தில் தேடவேண்டி வராது.

வெளிக்கிட முன்பு இரண்டு வேலை. திரையில் உள்ள பெட்டியைத் திகதியும் நேரமும் தெரியும்படி போனில் படம் எடுங்கோ. பிறகு சொலிசிட்டரின் கந்தோருக்கு ஒரு கோல் எடுத்து, இன்ரநெற் வேலை செய்யவில்லை, இத்தனை மணிக்குள் அனுப்புகிறேன் என்று சொல்லுங்கோ. யாரோடு கதைத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கோ. பத்திரம் சுணங்கிப் போனால், அந்தப் படத்தையும் குறிப்பையும் அதோடு சேர்த்து அனுப்பலாம்.